கட்சிக்காரர் தானே ராஜியாகிவிட்டால் வக்கீல் பீஸ் என்னவாகும்?

கேட்டவர் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன வழக்கறிஞர். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் வாதிக்காக ஆஜராகியிருக்கிறார். முழு வழக்குக்கும் ஒரு லட்சம் ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடிவாகி, 40 ஆயிரம் கைக்கு வந்திருக்கிறது. பிராது, இடைக்காலத் தடை, நிரூபண வாக்குமூலம் (சாட்சியத்தை எழுத்தில் தாக்கல் செய்வது) எல்லாம் முடிந்து, குறுக்கு விசாரணைக்கு வழக்கு நின்ற நேரத்தில் அண்ணன் தம்பிகள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசி ராஜியாகிவிட்டார்கள். பாகப்பத்திரமும் பதிவாகிவிட்டது. பிறகுதான் கட்சிக்காரர் அலுவலகத்துக்கு வந்து, "வாபஸ் மெமோ போட்ருங்க சார், கேஸ் கட்டையும் குடுத்துருங்க. நீங்க ஜெயிச்சுக் குடுக்கலையே, மீதிப் பணம் எதுக்கு?" என்றிருக்கிறார்.

கேள்விகள் மூன்று. மீதிப் பணத்தைக் கேட்க உரிமை உண்டா? பணம் வரும்வரை கட்டை, அதாவது வழக்குக் கோப்பை, தராமல் வைத்திருக்கலாமா? தனக்குத் தெரியாமல் நடந்த சமரசத்தை நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாமா?

முதல் கேள்விக்கு ஆம், மற்ற இரண்டுக்கும் இல்லை. இந்தியச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வழக்கு கட்சிக்காரருடையது. அதைத் தொடர்வதும் பாதியில் நிறுத்துவதும் எதிராளியோடு கைகுலுக்குவதும் அவர் விருப்பம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23 விதி 3, சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. வக்கீலின் சம்மதத்தை எங்கும் கேட்கவில்லை. ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபக்கத்திலிருந்து சொன்னது: கட்சிக்காரரின் உரிமையைப் பாதிக்கும் சலுகையையோ சமரசத்தையோ, அவருடைய தெளிவான ஒப்புதல் இல்லாமல் வக்கீல் செய்யக் கூடாது. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கும்போது, "என்னைக் கேட்காமல் எப்படி முடித்தாய்?" என்று நாம் கேட்க இடமில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நீதிமன்றப் படிக்கட்டில் இன்னும் பத்து வருடம் ஏறி இறங்காமல் பேசி முடித்தது நல்ல காரியம். அந்த வாபஸ் மெமோவை மனமுவந்து தாக்கல் செய்யுங்கள்.

ஒரு சந்தேகத்தையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் கட்சிக்காரரை நேரில் கூப்பிட்டுப் பேசியிருந்தால் நிலைமை வேறு. ஒருவருக்கு வக்கீல் இருக்கிறார் என்று தெரிந்தால், வழக்குப் பொருளைப் பற்றி அந்த வக்கீல் வழியாகத்தான் பேச வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகளில் 34ஆம் விதி சொல்கிறது. மீறினால் வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 35ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்த விதி வக்கீல்களைத்தான் கட்டும். அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இனி கட்டு விஷயம். "பீஸைக் கொடு, கட்டை வாங்கிக்கொள்" என்பது நம் நீதிமன்ற வளாகங்களில் இன்றும் காதில் விழும் பேச்சு. சீனியர்கள் சிலரே இதை ஜூனியர்களுக்கு உத்தியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஆர்.டி. சக்சேனா வழக்கைத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் மாதமே படித்துவிட வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கி தன் சட்ட ஆலோசகரான சக்சேனாவை 1993இல் நிறுத்திவிட்டு வழக்குக் கோப்புகளைத் திருப்பிக் கேட்டது. அவர் 97,100 ரூபாய்க்குப் பில் அனுப்பி, அதைத் தீர்த்தால்தான் கோப்பு என்றார். விவகாரம் பார் கவுன்சிலுக்குப் போய், அங்கே 18 மாதம் தொழில் செய்யத் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை வெறும் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் சட்டம் என்ன என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்பின் மீது வக்கீலுக்குப் பிடிமான உரிமை (பாக்கிக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை) கிடையாது; கேட்டதும் திருப்பித் தராதது தொழில் ஒழுங்கீனம்.

அந்த வக்கீல் நம்பியது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவை. வங்கியர், உயர் நீதிமன்ற அட்டர்னி போன்றோர் தங்களுக்கு வரவேண்டிய பாக்கிக்காகக் கைவசம் உள்ள சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிற பிரிவு அது. நீதிமன்றம் கேட்டது எளிமையான கேள்வி: வழக்குக் கோப்பு சரக்கா? விற்றுக் காசாக்க முடியாத காகிதக் கட்டு எப்படிச் சரக்காகும்? இன்னொரு காரணமும் சொன்னார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாய்தா நெருங்கும் நேரத்தில் கட்டு பூட்டிக் கிடந்தால் அடிபடுவது வழக்கும் அதை நம்பியிருக்கும் மனிதரும்தான். கூலி பாக்கி என்பதற்காக ஒருவருடைய வீட்டு மூலப்பத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுவது நியாயமாகாது. அதே தீர்ப்பு, பீஸ் பாக்கிக்கு வக்கீலுக்கு வேறு சட்ட வழிகள் திறந்தே இருக்கின்றன என்றும் சொல்கிறது. கட்டைப் பிடித்து வைப்பவர்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

ஆக, கட்டை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். ஆவணப் பட்டியல் ஒன்று எழுதி, மூலப்பத்திரம் எது, நகல் எது என்று குறித்து, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உங்கள் செலவில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் செய்த வேலையைக் காட்ட அதுதான் உதவும்.

இப்போது பணத்துக்கு வருவோம். "ஜெயித்தால்தானே பீஸ்" என்ற எண்ணம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. சட்டமோ அதற்கு நேரெதிர். வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசவே கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கவும் கூடாது என்று பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது. வழக்கு வென்றாலும் தோற்றாலும் ராஜியானாலும் பீஸ் என்பது செய்த வேலைக்கான கூலி. உங்கள் கட்சிக்காரர் சொல்வது போல் ஜெயித்தால்தான் பீஸ் என்று நீங்கள் பேசியிருந்தால், அதுவே விதிமீறலாகியிருக்கும்.

உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் மறந்துபோன ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது: சட்டத் தொழிலர்கள் (கட்டணங்கள்) சட்டம், 1926. ஆறு பிரிவுகூடத் தாண்டாது. மூன்றாம் பிரிவின்படி வக்கீலும் கட்சிக்காரரும் பீஸைத் தங்களுக்குள் ஒப்பந்தமாகப் பேசி முடிக்கலாம். நான்காம் பிரிவின்படி அந்தப் பீஸுக்காக வக்கீல் வழக்குப் போடலாம். பீஸே பேசவில்லை என்றால், தோற்றவர் ஜெயித்தவருக்குத் தர வேண்டிய செலவுத்தொகையைக் கணக்கிடும் விதிகளின்படி வக்கீல் கட்டணமாக எவ்வளவு வருமோ அதைக் கேட்கலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த விதிப்படி வரும் தொகை, நடைமுறையில் வாங்கும் பீஸைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு. எழுத்தில் எதுவும் இல்லாமல் "ஒரு லட்சம் பேசினோம்" என்று நீங்கள் சொல்ல, "அப்படி எதுவும் பேசவே இல்லை" என்று அவர் சொல்லி, நீதிபதி அவரை நம்பிவிட்டால், பேசாத பீஸின் கணக்கில்தான் போய் நிற்பீர்கள்.

வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். நிரூபிப்பதுதான் பாடு. 40 ஆயிரம் எப்படி வந்தது என்று பாருங்கள். கைபேசி வழியாகவோ வங்கி வழியாகவோ வந்திருந்தால், "பீஸ் அட்வான்ஸ்" என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா? "மீதி அறுபதை அறுவடைக்கு அப்புறம் தர்றேன் சார்" என்பது போல ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அது பொன். குமாஸ்தா எழுதி வைக்கும் நாட்குறிப்பு, அவர் கொடுத்த ரசீது, ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பதிவான உத்தரவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஒரு லட்சமும் கேட்கலாமா, செய்த வேலைக்கு மட்டுமா? முழு வழக்குக்கும் ஒரே தொகை என்று பேசி, பாதியில் கட்சிக்காரர் தன் விருப்பத்தில் நிறுத்தினால், "மீதி வேலைக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்" என்று நீங்கள் வாதிடலாம். அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனாலும் முழுத்தொகையில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பேன். குறுக்கு விசாரணை நடக்கவில்லை, இறுதி வாதம் நடக்கவில்லை, இறுதித் தீர்ப்பாணை மனுவும் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரின் நில அளவையும் உங்கள் தலையில் விழவில்லை. நாமே விலகிக்கொண்டால், உழைக்காத பகுதிக்கான பீஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது பார் கவுன்சில் விதி 12. அதே நியாயத்தை இங்கேயும் பார்ப்பதுதான் நேர்மை.

அதே நேரம் செய்த வேலையைக் குறைத்தும் மதிக்காதீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் உண்மையான உழைப்பு சாட்சிக்கூண்டுக்கு முன்னாலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை வரிசையாக அடுக்கி, வில்லங்கச் சான்றில் விட்டுப்போன வருடங்களைத் தேடி, பழைய சர்வே எண் உட்பிரிவாகி எந்தெந்த எண்ணாக மாறியது என்று அட்டவணை போட்டு, அத்தைக்கும் பங்கு வருகிறதா என்று வம்ச விளக்கம் எழுதி, ஒவ்வொரு சொத்தையும் நான்கு எல்லைகளோடு பிராதின் சொத்து விவரத்தில் எழுதுவது இருக்கிறதே, அந்த அட்டவணையை அப்படியே எடுத்துத்தான் பெரும்பாலும் பத்திர எழுத்தர் பாகப்பத்திரத்தைத் தயாரிக்கிறார். உங்கள் வழக்கிலும் அந்தப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். சொத்து விவரம் உங்கள் பிராதிலிருந்து வரிக்கு வரி வந்திருந்தால், ராஜி உங்கள் உழைப்பின் மேல் எழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் வேண்டாம். தடையுத்தரவு இருந்ததால்தான் மற்ற சகோதரர்கள் பேசவே உட்கார்ந்தார்கள் என்பதும் நடக்கிற கதைதான்.

இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. ஒப்பந்தத் தொகையைப் பிரதானமாகக் கேட்டு, மாற்றுப் பரிகாரமாக இந்தப் பிரிவையும் பிராதில் சேர்ப்பது நல்லது.

சதவீதப் பேச்சு ஏதாவது இருந்தால் அதை நம்பி ஒரு அடிகூட வைக்காதீர்கள். வசூலாவதில் பாதி என்று ஒப்பந்தம் போட்ட ஒரு வழக்கறிஞரை 1954லேயே உச்ச நீதிமன்றம் தொழில் ஒழுங்கீனத்துக்குக் குற்றவாளியாக்கியது. 2017 டிசம்பரில் வந்த பி. சுனிதா வழக்கு இன்னும் வலியானது. விபத்தில் கணவரை இழந்த பெண், கிடைத்த இழப்பீட்டிலிருந்து வக்கீலுக்கு 10 லட்சம் கொடுத்துவிட்டார். அதற்கு மேலும் அவரிடம் காசோலை வாங்கி, அது திரும்பியதும் செக் மோசடி வழக்குப் போட்டார்கள். தீர்ப்பாணைத் தொகையில் சதவீதமாகப் பீஸ் கேட்பது பொதுக்கொள்கைக்கு விரோதம், அப்படிப்பட்ட கடனுக்காக, செக் திரும்பினால் போடும் 138ஆம் பிரிவு வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பீஸுக்காகத் தேதி போடாத காசோலை வாங்கி வைக்கும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிட வேண்டும்.

இந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது ஒரு ஓட்டையையும் விட்டுவைத்திருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் முன்பணம் கொடுக்க வழியில்லாதவர்கள். வக்கீல்தான் முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வருமானச் சான்று என்று தன் கைக்காசைப் போட்டு அலைகிறார். பிறகு காப்பீட்டு நிறுவனம் குடும்பத்தோடு நேரடியாகப் பேசி முடித்தால்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தப்பட்டு 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள 149ஆம் பிரிவு, காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி 30 நாளுக்குள் சமரசத் தொகையை முன்வைக்க வழி செய்கிறது. குடும்பம் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், அடுத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். வருடக்கணக்கில் காத்திருக்காமல் பணம் கிடைப்பது பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய ஆறுதல். அதுவரை ஓடியாடி ஆவணம் சேர்த்தவரின் கூலிக்கு மட்டும் அந்த ஏற்பாட்டில் எந்த இடமும் இல்லை.

இங்கிலாந்தில் இதே சிக்கல் 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கவின் எட்மண்ட்சன் என்ற சட்ட நிறுவனம் சாலை விபத்தில் காயம்பட்டவர்களுக்காகக் கோரிக்கைகளைப் பதிவு செய்திருந்தது. அவர்களுக்கு வழக்கறிஞர் இருக்கிறார் என்று தெரிந்தே ஹேவன் என்ற காப்பீட்டு நிறுவனம் நேரடியாகப் பேசி முடித்துப் பணம் கொடுத்துவிட்டது. வழக்கறிஞரின் உழைப்பால் விளைந்த தொகையின் மீது அவருக்கு நியாயமுறைப் பிடிமான உரிமை உண்டு, அது தெரிந்தே பணத்தை நேராகக் கொடுத்தவர் அந்தக் கட்டணத்தைத் தன் பையிலிருந்து மீண்டும் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். யாருடைய உழைப்பால் பலன் கிடைத்ததோ அவருக்குரியதைக் கொடுக்காமல் கட்சிக்காரர் அந்தப் பலனோடு ஓடிவிடக் கூடாது என்று 1795லேயே நீதிபதி கென்யன் சொன்ன கொள்கைதான் இதன் வேர். 2022இல் விமானத் தாமத இழப்பீடு தொடர்பான ரையன்ஏர் வழக்கிலும் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இதையே உறுதிப்படுத்தினார்கள்.

கவனித்தால், அங்கே அந்த உரிமை இருப்பது, கிடைத்த பணத்தின் மீது. கட்சிக்காரரின் சமரசத்தை அது தடுப்பதில்லை, ஒரு நாள்கூடத் தாமதப்படுத்துவதில்லை. தெரிந்தே வக்கீலை ஓரங்கட்டிய பெரிய நிறுவனத்தின் மீதுதான் பாரம் விழுகிறது. இப்படி ஓர் ஏற்பாடு இங்கேயும், குறைந்தபட்சம் விபத்து வழக்குகளிலாவது வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சதவீதமாக வேண்டாம், தீர்ப்பாயமே நிர்ணயிக்கும் நிலையான கட்டணமாக இருக்கட்டும், அதைக் காப்பீட்டு நிறுவனம் தனியாகக் கட்டட்டும். ஏழைக்காக முன்பணம் வாங்காமல் உழைக்கும் வக்கீலை நாம் காப்பாற்றாவிட்டால், அந்த ஏழைக்கு நாளை வக்கீல் கிடைக்க மாட்டார். இன்றைய நிலையில் இந்தியாவில் வக்கீலுக்கு எதிராளியோடு ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், பீஸை அவரிடம் கேட்க முடியாது. கட்சிக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கையில் அவருடைய பணம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வழக்குச் செலவுக்கென்று வாங்கியதில் மிச்சமிருந்தாலோ, அந்த நடவடிக்கையில் அவருக்காக உங்களிடம் பணம் வந்திருந்தாலோ, வழக்கு முடிந்த பிறகு பேசி முடித்த பீஸுக்கு அதை வரவு வைத்துக்கொள்ளலாம் என்கிறது பார் கவுன்சில் விதி 28. கணக்கு மட்டும் காசு பிசகாமல் இருக்க வேண்டும். இது போன்ற ஒரு தகராறில் தொடங்கிய வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை வந்து, 2024 மே மாதம், வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்ற தீர்ப்பாக முடிந்தது. செக் வழக்கில் எதிராளி கொடுத்த தொகையைக் கட்சிக்காரரிடம் ஒப்படைக்காமல், 5,000 ரூபாயைத் தன் பீஸாக வக்கீல் கேட்டதுதான் அதன் ஆரம்பம். நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபட்டாலும் பார் கவுன்சிலும் உரிமையியல் நீதிமன்றமும் கட்சிக்காரருக்குத் திறந்தே இருக்கின்றன.

நீதிமன்றக் கட்டணம் திரும்ப வந்தால் அது கட்சிக்காரருக்குப் போக வேண்டிய பணம், அதைச் சொல்லிவிடுங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே தனிப்பட்ட முறையில் சமரசமானாலும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று எம்.சி. சுப்ரமணியம் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கட்சிக்காரருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. மெமோவிலேயே அந்தக் கோரிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். பீஸ் தகராறு இருக்கும்போதும் அவருடைய நன்மையைப் பார்ப்பது உங்கள் கடமை. பேச்சுவார்த்தைக்கும் அது வழி திறக்கும்.

அடுத்து அவரை ஒருமுறை நேரில் உட்காரவைத்துப் பேசுங்கள். கோபத்தோடு வேண்டாம். வேலைப் பட்டியலை ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நியாயமான தொகை போட்டு, வாங்கிய 40 ஆயிரத்தைக் கழித்துக் காட்டுங்கள். பெரும்பாலான தகராறுகள் அந்த ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் விரைவுத் தபாலில் அறிவிப்பு, பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்கு. எழுத்து மூலமான ஒப்பந்தமும் குறிப்பிட்ட தொகையும் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37இன் கீழ்ச் சுருக்க வழக்காகவே போடலாம். உங்களுக்கு அது இல்லாததால் சாதாரண வழக்குதான். காலவரம்பு மூன்று ஆண்டு. அறிவிப்பில் வழக்கின் விவரம் வேண்டிய அளவுக்கு மட்டும் இருக்கட்டும். குடும்ப ரகசியமாக அவர் உங்களிடம் நம்பிச் சொன்ன எதையும் பீஸுக்காக வெளியே இழுக்கக் கூடாது.

அடுத்த கட்சிக்காரரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே பீஸ் கடிதத்திலும் வாங்குங்கள். அரைப் பக்கம் போதும், தமிழில் எழுதுங்கள். பிராது தாக்கல் வரை இவ்வளவு, இடைக்கால மனுவுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் தனி. "எந்தக் கட்டத்திலும் நீங்கள் சமரசம் செய்துகொள்ளலாம், அதுவரை முடிந்த கட்டங்களுக்கான பீஸ் தர வேண்டும், சமரச ஆவணம் தயாரிக்க என் உதவி வேண்டுமானால் அதற்கு இவ்வளவு" என்ற வரியை விடாமல் சேருங்கள். இப்படித் தெரிந்திருந்தால் கட்சிக்காரரும் பயந்துகொண்டு ஒளிவுமறைவாக ராஜி பேசப் போக மாட்டார், நேராக உங்களிடமே வருவார்.